வெள்ளை அட்டை

எனக்கு முதலில் கொடுத்தது மஞ்சள்.
பெண், 47. வலது கால் முறிவு. பேசுவாள்.
போ சூவுக்கு வெள்ளை:
பெண், 50. மூச்சில்லை.
அதை இரண்டு விரலால் பிடித்தாள்
கெட்டுப்போன மீனின் வாலைப் பிடிப்பது மாதிரி.
"மாமியார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், தவமலர்.
இன்றைக்கா நான் இதைக் கழுத்தில் மாட்டுவது?"

மாற்றிக்கொண்டோம்.
செத்துப்போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.
படுத்திருக்கலாம்,
ஓவர்டைம் கணக்கில் வேறு வரும்.

பாயான் லெப்பாஸ், எங்கள் தொழிற்சாலையின்
மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடம்.
ஒன்பதரைக்கு அமிலக் கிடங்கு வெடிப்பதாக ஏற்பாடு.
எட்டு மணிக்கே மனிதவளத்துப் பெண் ஒருத்தி
சிரப்பும் சோளமாவும் கலந்த இரத்தத்தை
நெற்றியிலிருந்து காதுவரை வழியவிட்டு
"கண்ணில் படலையே, அக்கா?" என்றாள்.
ரோஸ் வாசனை.
எறும்புகளுக்கு யார் போய்ச் சொன்னார்களோ.

சங்கு ஊதியதும் போ சூ அலறினாள் பாருங்கள்,
இருபத்திரண்டு வருடம் மைக்ரோஸ்கோப் முன்னால்
"ம்" தவிர ஒன்றும் சொல்லாதவள்,
ஹொக்கியெனில், மலாயில்,
என்னிடம் பொறுக்கிய "ஐயோ அம்மா"வில்.
நிஜமாகவே கால் போய்விட்டதோ என்று
தலையைத் தூக்கப் பார்த்தேன்.
பிறகுதான் ஞாபகம் வந்தது, நான் செத்தவள்.

தார் சுட ஆரம்பித்தது.
ஒரு விமானம் சக்கரங்களை இறக்கிக்கொண்டு போனது.
அப்புறம் வந்தான் ஒரு பையன்,
சட்டையில் பெயர் ஹில்மி.
தாடையை நிமிர்த்தி
கன்னத்தை என் மூக்கருகில் வைத்தான்.
இரண்டு விரல் என் கழுத்தில்.
வாய்க்குள் எண்ணுகிறான், சத்து, டுவா,
வாளியில் போட்ட கெம்போங் மீனாய்
அங்கே துள்ளுகிறது என் நாடி.
அவனுக்குத் தெரியும். விரல்நுனி சொல்லாமலா இருக்கும்.
பத்து.
அட்டையைத் திருப்பிப் படித்தான்.
"பூத்தே," என்றான் பின்னால் நின்றவளிடம்.

எனக்கு இது புதிதில்லை.
அண்ணனுக்கு நாற்பத்தொரு வயதுவரை சிவப்பு அடையாள அட்டை.
பினாங்கில் பிறந்தவன்,
ஜூருவைத் தாண்டி எங்கும் போகாதவன்.
பதிவு இலாகா கண்ணாடிக்கு முன்னால் நின்று
"நான் இங்கேதான்" என்பான்.
அட்டையைப் பார்ப்பார்கள்.
அட்டையைப் பார்த்துக்கொண்டே "அடுத்தது" என்பார்கள்.
அவனும் மூச்சுவிட்டுக்கொண்டுதான் நின்றான்.

ஆனால் இந்தப் பையன் எழுந்துபோகுமுன் ஒன்று செய்தான்,
பயிற்சித் தாளில் அது இருந்திருக்காது.
என் சட்டை மேலேறி வயிறு தெரிந்தது,
இரண்டு பிரசவத்தின் கோடுகளோடு.
முகத்தை வேறெங்கோ திருப்பிக்கொண்டு
சட்டையைக் கீழே இழுத்துவிட்டான்.
பிறகு சிவப்புகளைத் தேடி ஓடினான்.

செத்தவர்களிடம் யாரும் திரும்ப வருவதில்லை.
உயிருள்ளவர் முதலில், சரியான விதிதான்,
முந்தின நாள் விளக்கினார்கள், தலையாட்டினேன்.
படுத்துக்கொண்டு கேட்கும்போது
ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரும் நம்மைத் தாண்டி உருளும் சத்தம்
வேறு மாதிரி இருக்கிறது.

பக்கத்துப் பிணம் குறட்டை விட்டது.
ரொபியுல், மூன்றாம் லைன்,
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்தவன்.
வெள்ளையைக் கேட்டு வாங்கினானாம்.

பதினொன்றேகாலுக்கு ஒலிபெருக்கி.
சிவப்பு எழுந்திருக்கலாம்.
மஞ்சள் எழுந்திருக்கலாம்.
பச்சை ஏற்கெனவே நாசி லெமாக் வரிசையில்.
வெள்ளையை யாரும் கூப்பிடவில்லை.

போ சூதான் வந்தாள், கையில் மூன்று பொட்டலம்,
இன்னும் நொண்டிக்கொண்டு.
"போதும் செத்தது, எழுந்திரு."

ரொபியுல் அசையவில்லை. குறட்டையும் நின்றிருந்தது.
வாயோரம் ஓர் எறும்பு.
குனிந்து கன்னத்தை அவன் மூக்கருகில் வைத்தேன்.
சூடாக வந்தது.
ஆனாலும் கழுத்தில் இரண்டு விரல் வைத்துப்
பத்துவரை எண்ணினேன்,
பிறகு இன்னொரு பத்து.