தூக்கக்கூடிய எடை

பைனான்ஸ்காரர்கள் தூக்கி வந்து
கொணவட்டத்து ஷெட்டில் போட்டிருந்ததை
பதினேழாயிரத்துக்கு வாங்கினேன்.
யாருடைய தவணையோ நின்றுபோன வண்டி.
டேங்கில் மஞ்சள் ஸ்டிக்கர்: கீர்த்தனா.
சுரண்டினேன், கடைசி எழுத்து மட்டும் வந்தது.
மீதியோடுதான் ஓடுகிறது.

நூறு சிசி.
காட்பாடி ரயில்வே கேட்டில் காத்திருக்கவும்
சிலிண்டரைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வரவும் செய்த வண்டி.
மலைக்கு என்றதும்
இலியாஸ் பாய் செயினை விரலால் ஆட்டிப் பார்த்தார்.
"இது இன்னா ஆடா, பாறை மேல ஏற?"
ஆனாலும் சேலை கார்டைக் கழற்றி வைத்துக்கொண்டார்,
"திரும்பி வந்தா மாட்டித் தரேன்."
காசு வாங்கவில்லை.

ஒடுகத்தூர் தாண்டி
தார் முடிகிற இடத்தில் இறங்கி
ஜலகண்டன் டயர் இரண்டிலும் காற்றைக் குறைத்தான்,
வேப்பங்குச்சியால் அழுத்தி
சீறலைக் காதால் அளந்து.

அதற்கப்புறம் வழி என்பது
போன வார மழை இறங்கிய வழிதான்.
தேங்காய் அளவுக் கல், தலையணை அளவுக் கல்,
நடுவே மழை அறுத்த வாய்க்கால்.
முதல் கியர்.
முதல் கியர்.
இரண்டாவதைத் தொட்டதும் இருமி
மறுபடி முதல் கியர்.
இரண்டு காலையும் துடுப்பாய்ப் போட்டுத் தள்ளுகிறேன்.
சைலன்சர் பாறையில் உரசுவது
என் கடைவாய்ப் பல்லில் கேட்கிறது.

முதலில் விழுந்தது ஒரு நெல்லிமரத்தருகே.
நடக்கிற வேகத்தில் விழுவதை
விழுவது என்று சொல்வதே அதிகம்.
எருமை படுக்கிற மாதிரி
யோசித்து, ஒரு பக்கமாய்.
பெட்ரோல் வாசனை, சுற்றிக்கொண்டே இருக்கும் பின்சக்கரம்,
மேலே பார்த்தால்
அவ்வளவு பக்கத்தில் நெல்லிக்காய்.

குனிந்து, ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பி,
முட்டியைக் கொடுத்து, ஒரே மூச்சு.
நூற்றுப் பத்து கிலோ எழுந்து நின்றது.
வீட்டில் பீரோ நகர்த்த நாலு பேர் வந்தார்கள்.
சீட்டு எடுத்தவன் ஓடிப்போன வருஷம்
எத்தனை பேர் பிடித்தும்
எங்கள் அப்பா எழவில்லை.
இதை மட்டும்
யாரையும் கூப்பிடாமல் நானே தூக்கிவிடுகிறேன்.
அன்றைக்கு ஒன்பது தடவை.
ஆறாவதிலிருந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓடையில் நின்றுபோனது.
ஜலகண்டன் பிளக்கைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்து, ஊதி,
பாப்பா காதில் கம்மல் மாட்டுகிற பதத்தில் திருகினான்.
பத்து உதை, பன்னிரண்டு உதை.
பதிமூன்றாவதில் புகையோடு ஒரு திட்டு திட்டிவிட்டுக்
கிளம்பியது.

இடுப்புயரப் பாறைப்படி ஒன்று வந்தது.
நாங்கள் நின்று, கல் அடுக்கி, கோணம் பார்த்து,
எந்தப் பக்கமாய் ஏற்றுவது என்று
சண்டையே போட்டுக்கொண்டிருந்தபோது
மேலேயிருந்து ஒரு மொபெட் சத்தம்.
பின்னால் இரண்டு மூட்டை சாமை,
முன்னால் முழங்கால்களுக்கிடையே ஒரு ஆடு,
ஓட்டிவந்தவள் ரப்பர் செருப்பில்.
"ஒதுங்குப்பா" என்றாள்.
ஒதுங்கினோம்.
படியின் ஓரத்தில் நாங்கள் பார்க்காத ஒரு சரிவு,
அதில் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி இறங்கிப் போய்விட்டாள்.
ஆடு மட்டும்
திரும்பி எங்களைப் பார்த்தது.

மேலே போகவில்லை.
பிஸ்கட் தின்றோம்.
இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தோம்,
பிரேக்கின் முனகலும்
பெட்டிக்குள் ஸ்பானர்கள் பேசுவதும்தான் காடெல்லாம்.

திங்கட்கிழமை, கிரீன் சர்க்கிள்.
கை காட்டி ஓரங்கட்டியவர்
வண்டியைச் சுற்றி வந்தார்.
"பின்னாடி நம்பர் பிளேட் எங்க?"
அப்போதுதான் நானும் பார்க்கிறேன்.
ஒன்பதில் எந்த இடம் என்று
மனசுக்குள் ஒவ்வொன்றாய் விழுந்து பார்த்தேன்.
"மலையில இருக்கு சார்."
அவர் என்னைப் பார்த்தார், டேங்கைப் பார்த்தார்.
"கீர்த்தன்னா யாரு?"