நடக்கும் தூரம்

தரகர் லெஸ்யா காட்டிய வீடுகளில் எல்லாம்
நான் முதலில் கேட்டது ஒன்றுதான்:
இங்கிருந்து ஜெபக்கூடத்துக்கு
நடந்தால் எத்தனை நிமிடம்?
"கார் நிறுத்த இரண்டு இடம் இருக்கிறது" என்றாள்.
சனிக்கிழமை கார் எடுக்கமாட்டோம்.
"பனி கொட்டினால்?"
கொட்டினாலும்.
பாவம், மூன்றாவது வீட்டிலிருந்து
கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி
அவளும் எங்களோடு நடக்க ஆரம்பித்துவிட்டாள்,
குதிகால் உயர்ந்த செருப்பில்.

மான்ட்ரியலில் இதையெல்லாம் தேடியதில்லை.
படியிறங்கினால் ரொட்டிக்கடை,
அதற்கு எதிரே ஜெபக்கூடம்,
அடுத்த முக்கில்
அதோடு பேச்சுவார்த்தை இல்லாத இன்னொன்று.
காற்றின் விலாசத்தை யார் கேட்பார்கள்?
பிறகு நஃப்தாலிக்கு வின்னிபெக்கில் வேலை,
தானிய நோய் ஆய்வகத்தில்.
கோதுமையில் பிடிக்கும் துருவுக்கு
நாங்கள் யாராக இருந்தாலும் ஒன்றுதான்.

கோஷர் கோழி கிடைக்குமா என்று
ஒரு நம்பருக்குப் போன் செய்தேன்.
"புதன்கிழமை டொரன்டோ லாரி வரும்,
வராமலும் போகும்" என்றது பெண்குரல்.
"எத்தனை குழந்தைகள்?"
ஒன்று. மூன்று மாதம்.
"தூங்குகிறதா?"
இல்லை.
"நீ?"
கோழி கேட்கப் போய்
குறுக்கு விசாரணை.

ஒன்பதாவது வீடு.
அடுக்களை முழுக்க வெளிச்சம்,
ஜன்னலுக்கு வெளியே இலையுதிர்ந்த எல்ம்.
வாசல் நிலையின் வலப்பக்கம், தோளுயரத்தில்,
பெயின்ட்டுக்கு அடியில்
விரல் நீளத்துக்குச் சாய்ந்த தடம்,
இரண்டு ஆணித் துளைகள்.
எங்களவர் யாரோ மெசூசா அடித்து
எப்போதோ கழற்றிப் போயிருக்கிறார்கள்.
"ஓட்டையை அடைக்கச் சொல்கிறேன்" என்றாள் லெஸ்யா.
வேண்டாம் என்றேன்,
கொஞ்சம் உரக்கவே.

கம்பி பார்ப்பவர் பெயர் வெல்வல்.
டெலிபோன் கம்பெனியில் முப்பது வருஷம் ஏணி ஏறியவர்.
பேட்டையைச் சுற்றிக் கம்பத்துக்குக் கம்பம்
தூண்டில் நரம்பைப் போல ஓடும் அந்தக் கம்பியை
வியாழன்தோறும் வண்டியில் போய் அண்ணாந்து பார்ப்பார்.
அதற்குள் இருக்கும் தெருக்கள் எல்லாம்
ஓய்வுநாளில் ஒரே வீடு என்பது கணக்கு.
ஒரே வீட்டுக்குள்
குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.
அறுந்தால்
வீடு மறுபடி தெருவாகிவிடும்.

வரைபடத்தில் அவர் விரல் ஊர்ந்து வந்து
எங்கள் தெருவில் நின்றது.
"கம்பி எதிர்வாடையோடு சரி.
நீங்கள் வெளியே."
எவ்வளவு வெளியே?
"பதினோரு மீட்டர்."
இரண்டு கம்பம் நட்டால் போதுமாம்.
நகராட்சி சம்மதிக்க வேண்டும்,
அதைவிட மண் சம்மதிக்க வேண்டும்;
மே மாதம் வரை அது கல்.

ஏழாவது வீடு கம்பிக்கு உள்ளேதான் இருந்தது.
நஃப்தாலி ஏழு என்றான்.
நான் ஒன்பது.
இரவெல்லாம் சண்டை, கிசுகிசுப்பில்,
ரெய்சல் எழுந்துவிடக் கூடாதே என்று.
அவள் எழுந்தேதான் இருந்தாள்.
விடியும்போது, "அந்தத் துளைகள்
நம் மெசூசாவுக்குப் பொருந்துமா?" என்று கேட்டான்.
அளந்து பார்த்தோம். பொருந்தவில்லை.
வீட்டை எடுத்துக்கொண்டோம்.

முதல் சனிக்கிழமை. மைனஸ் முப்பத்தொன்று.
அவன் மட்டும் கிளம்பினான்.
சாலையைக் கடந்ததும்
உள்ளே நின்றுகொண்டு
வெளியே இருந்த எங்களுக்குக் கையசைத்தான்.
ரெய்சலின் கையைப் பிடித்து நானும் அசைத்தேன்.
கூப்பிடு தூரம்தான்.
சட்டம் கூப்பிடு தூரத்தை அளப்பதில்லை.

பத்து மணிக்குக் கதவில் தட்டல்.
பதினாறு வயதிருக்கும், புருவமெல்லாம் உறைபனி.
"நான் தோவா.
கோழிக்குப் போன் பண்ணினீர்களே, அது அம்மா."
வெறுங்கை.
கம்பி தாண்டி எதையும் கொண்டுவர முடியாது,
அதனால் அவளையே அனுப்பியிருக்கிறார்கள்.
"நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.
சீக்கிரம். ஹெர்ரிங் மீன் தீர்ந்துவிடும்."

கோட்டை மாட்டினேன்.
பூட்ஸ் போட மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
ஒரு காலில் போட்டது நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது நிழல் நகர்ந்திருந்தது.
அடுக்களையில் ரெய்சலுக்கு யாரோ
தாளமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார்கள்.
என் மேல் ஒரு கோட்டு போர்த்தியிருந்தது,
என்னுடையது அல்ல.