நடு ஆற்றில் மணி

நோகி என்றால் எங்கள் மொழியில் கரி.
பனிமேல் அவள் பாய்ந்தால்
எவனோ கோபத்தில் இழுத்த கோடு.

மார்ச் கடைசி. விடியற்காலை நாலு மணி.
தோர்னியோ ஆறு உறைந்து கிடந்தது,
பாதி உண்மையாகவும்
பாதி நடிப்பாகவும்.

பெட்ரோல் நிலையத்தில் துப்பாக்கி நீட்டியவன்
பனிவண்டியைப் புதரில் செருகிவிட்டுக்
கால்நடையாய் ஆற்றில் இறங்கிவிட்டான்.
அவன் சுட்டது என் காதோரம் போய்
பிர்ச் மரத்தில் தங்கியது.
குப்புற விழுந்து வாரை விட்டேன்.
பிடி, என்றேன்.
அந்த ஒரு சொல்லுக்கு
ஆறு வருடமாய் அவள் வாங்கும் சம்பளம்
இரண்டு வேளைத் தீனி, ஒரு ரப்பர் பந்து.

நடு ஆற்றில் நாடு முடிகிறது.
வேலியில்லை, கல்லில்லை.
அந்தப் பக்கம் சுவீடன்,
மணி ஒன்று குறைவு.
தாண்டிவிட்டான்.
அவன் மூன்று மணிக்குள் நுழைந்துவிட
நான் நாலில் கிடந்து
மூச்சிரைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கேட்டது.
கண்ணாடி உடையும் சத்தமில்லை அது.
தூங்கும் பெருமிருகம்
ஒருமுறை புரண்டு படுக்கும் சத்தம்.
கோடு பாதியில் அறுந்தது.

எல்லைக்கு இருபதடி இப்பால்
ஒரு கறுப்புத் துளை. விளிம்பில் இரண்டு பாதம்.
குரைக்கவில்லை.
குரைக்காதே என்று பழக்கியவன் நான்.
எண்பத்தெட்டு கிலோ நான்;
முழங்கையூன்றி ஒரு சாண் நகர்ந்தால்
எனக்கடியிலும் மிருகம் புரண்டது.

அவன் திரும்பிப் பார்த்தான்.
பார்த்துவிட்டுப் போயிருக்கலாம்.

வந்தான்.
துப்பாக்கியை எறிந்துவிட்டு
வயிற்றால் தவழ்ந்து,
கழற்றிய கோட்டின் கையை
அவள் வாய்க்கு நேரே நீட்டி
பிடி, என்றான்.
என் சொல்.
என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டான்.

பிடித்தாள். இழுத்தான். வெளியே வந்து
உடம்பை உதறி
எங்கள் இருவர் மேலும் ஆற்றைத் தெளித்தாள்.
கோட்டை மட்டும் விடவில்லை.
அவனும் விடவில்லை, அதுதான் வேடிக்கை:
நாயும் திருடனும் ஒரு கோட்டின் இரு முனையில்
நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.
விடு என்று சொல்ல
எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.
அதற்குள் பேர் கேட்டேன்.
யால்மரி. வயது இருபத்திரண்டு.
உதடு நீலம்.
விலங்கு மாட்டும்போது
"நாய் பிழைக்குமா?" என்றான்.

அறிக்கையில் ஒரு கட்டம்: பிடித்தது யார்?
நாய், என்று எழுதினேன்.
பிர்ச் மரத்துத் தோட்டாவை எழுதினேன்.
அவன் திரும்பி வந்ததையும் எழுதினேன்,
மேலதிகாரி அடித்துவிடுவார் என்று தெரிந்தே.

நேரம் என்ற கட்டம் இன்னும் காலி.
மேசைக்கடியில் நோகி,
வாயில் ஒரு கோட்டுப் பொத்தான்,
கேட்டால் தருவதாயில்லை.