எட்டு நாள் பாக்கி

கேரட் கழுவும் எந்திரம் நின்ற
பத்தே முக்காலுக்குத்தான் எப்சிபாவால் பேச முடிந்தது.
அதற்கு முன் கேத்தி பாலாடாவில்
யார் வாய் திறந்தாலும் தண்ணீர்தான் கேட்கும்.

எடை போட்ட மூட்டைமேல்
இரண்டு தாள்களை விரித்தாள்.
ஒன்று ரோஸ், ஒன்று நீலம்.
ரோஸ் தாளில் ஒருத்தி கையில்லாத ஜாக்கெட்டில் சிரிக்கிறாள்.
அவளுக்குக் குளிரவில்லை.

"இது பெண்களுக்கென்றே வந்ததுக்கா.
மார்பு, கருப்பை, சினைப்பை, கருப்பை வாய்,
பிரசவத்தில் சிக்கல் வந்தால் அதற்கும்.
ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாலும்
கொஞ்சம் கொடுப்பான்.
நீலம் தீவிர நோய்க்கு.
மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகம், முற்றிய புற்று.
ஆஸ்பத்திரி பில் கேட்கமாட்டான்.
நோயின் பெயர் உறுதியானால் போதும்,
மொத்தத்துக்கும் ஒரே செக்."

நான் மூட்டைக்குப் பெயர் எழுதுகிறவள்.
மேட்டுப்பாளையம், சென்னை, கொச்சி.
இருபத்தாறு பெண்களின் கூலி நோட்டும் என்னிடம்.
விடியுமுன் மூன்று மணிக்கு
ஈரக் கேரட்டில் தரம் பிரிக்கிற விரல்கள்
வெடித்து வெடித்து ஆறுவதற்கு
இரண்டு தாளிலும் ஒரு வரி இல்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என் உடம்பை நான் இப்படிப் பங்கு பிரித்ததில்லை,
பெண்ணுக்கு இத்தனை, மிச்சம் பொது என்று.
முழங்கால் யார் கணக்கு?
போகட்டும்.
நாற்பத்தொன்றில் கருப்பையை எடுத்துவிட்டார்கள்.
இடித்த வீட்டுக்கு வரி கட்டச் சொல்கிறாயா என்றேன்.
எப்சிபா சிரிக்கவில்லை.
"அப்படியானால் நீலம்தான்க்கா உங்களுக்கு" என்று
ரோஸை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

முதல் தொண்ணூறு நாள் நோய் வரக்கூடாதாம்.
சரி, ஒரு போகம் கேரட்.
அதுவரை மண்ணுக்குள் இருக்கச் சொல்கிறான்.

நோய் வந்தால்
அன்றிலிருந்து முப்பது நாள் உயிரோடிருக்க வேண்டுமாம்.
அந்த வரியை எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.
என் நாத்தனார் நஞ்சம்மை
பக்கவாதத்தில் கோயம்புத்தூரில் கிடந்தது
இருபத்திரண்டு நாள்.
ஆறு வருஷம் தவறாமல் கட்டியிருந்தாள்.
எட்டு நாள் பாக்கி வைத்துவிட்டுப் போனாள்.
அவள் யாரிடமும் பாக்கி வைத்தவள் இல்லை,
பால்காரனிடம்கூட.

"உன்னிடம் எது இருக்கிறது?" என்று கேட்டேன்.
மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.
"நீலம் இருந்ததுக்கா.
இடது பக்கம் சின்னதாக ஒன்று.
பரவவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றார் டாக்டர்.
எடுத்தாக வேண்டும் என்றும் அவரேதான் சொன்னார்.
முற்றாததற்குப் பணமில்லை என்று கடிதம் வந்தது.
ரோஸ் எடுத்திருந்தால் கால் பங்காவது கிடைத்திருக்கும்.
கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டேன்."

சீக்கிரம் கண்டுபிடித்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.
சீக்கிரம் செத்தவள் மேல்கரையில் கிடக்கிறாள்.
நீலத் தாளில் இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

"இப்போது ரோஸ் எடுக்கலாமே?"
"எனக்கு இனிமேல் யாரும் தரமாட்டார்கள்க்கா.
விற்கத்தான் விடுவார்கள்."

பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம்
பொம்மை ரயில் ஊதியது.
வேலை ஆட்கள் டீ டம்ளரைக் கழுவி
ஆணியில் மாட்டினார்கள்.
கடைசித் தாளை மறுபடி படித்தேன்.
நஞ்சம்மை படிக்காத இடம் அது.
எனக்கு ஐம்பத்திரண்டு.
அப்பாவுக்கு இதயம், அவர் தம்பிக்கும் இதயம்.
மாசம் எழுநூற்றுச் சொச்சம்,
கேஸ் சிலிண்டருக்கு மேலே கொஞ்சமோ
கீழே கொஞ்சமோ.

நீலத்தில்தான் கையெழுத்துப் போட்டேன்.
ரோஸை அவள் பையிலிருந்து நானே எடுத்தேன்.
மூன்றாம் தொட்டியில் நிற்கிற வேணிக்கு
இருபத்தாறு வயது, நான்கு மாசம்.
கர்ப்பமானபின் சேர்ப்பானா என்று கேட்க வேண்டும்.

கேட்பதற்குள் எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.
எப்சிபா எதையோ கேட்டாள்.
வாயசைவில் வாரிசு என்று தெரிந்தது.
கத்திச் சொன்னேன்.
காதில் விழுந்ததோ என்னவோ,
எழுதிக்கொண்டாள்.