உளப்பாடு

மாதம் பதினைந்து ரூபாய்,
பேரிக்காய்ப் பருவத்தில் கூடுதலாக ஒரு கூடை.
செண்பகனூர்ச் சரிவில், தகரக்கூரை வீட்டில்
ஹெட்லுண்ட் துரைக்கும் அம்மாளுக்கும்
நான் தமிழ் முன்ஷி.

துரைக்கு ழகரம் கடைசிவரை வரவில்லை.
'ஏலைகளுக்கு நற்செய்தி' என்பார்.
கீழ்மலை ஏலத்தோட்டத்து ஆட்கள்
தங்களைத்தான் சொல்கிறார் என்று தலையாட்டுவார்கள்.

அம்மாள் தடுக்கியது ஜெபத்தில்:
"ஆண்டவரே, நம் பாவங்களை மன்னியும்."
நம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, அம்மா.
அவரையும் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள்.
எங்கள் என்று சொல்லுங்கள்.
சிரித்தார். நோட்டில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்.

சின்னவன் ஸ்வென் ஒருநாள்
அடுப்புச் சாம்பலை எடுத்து
என் நெற்றியைப் போல மூன்று இழுப்பு இழுத்துக்கொண்டு
சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டான்.
துரை கண்மூடி ஜெபத்தை முடித்தார்,
வழக்கத்தைவிட நீளமாக.
அம்மாள்தான் துடைத்துவிட்டார்,
முந்தானை இல்லாததால் மேஜைத்துணி நுனியால்.

மூடுபனி. பைபிள் அட்டையில் பூஞ்சை.
ரொட்டி உப்பாத ஆடி மாதங்கள்.
தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தது.
ஐந்து வாரம் கழித்து அந்தத் தாயின் கடிதம்:
அங்கே குளிராமே,
ஸ்வெனுக்குக் காலுறை பின்னுகிறேன், அளவு அனுப்பு.
அன்று பாடம் இல்லை. சம்பளம் பிடிக்கவில்லை.

ஒன்பதாம் வருஷம் சித்திரையில்,
தாழ்வாரமெங்கும் கயிறும் சாக்கும் கிடக்க
(சந்தையில் என்னைவிடக் கறாராகப் பேரம் பேசுவார் அப்போது)
என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:
"முன்ஷி, நாம் ஊருக்குப் போகிறோம்."

வாய்வரை வந்தது.
பெட்டியின் மறுபக்கம் போய்
கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.