ஒரு வரி குறைவு

சான்றிதழில் கோமளா என்ற என் பெயரில்
ளகரத்தை லகரமாக்கியிருந்தார்கள்.
ஆய்வு நேர்மையும் அறநெறியும்: இரண்டு நாள் பயிற்சி,
மதியம் லெமன் சாதம், வருகைப் பதிவு கட்டாயம்.
வெளியே கிருஷ்ணகிரி வெயில்
மலைக்கோட்டையை வறுத்துக்கொண்டிருந்தது.

பின்வரிசையில் திம்மராயன் என் காதருகே சொன்னான்:
இருநூறு வினாத்தாளில் முப்பத்தெட்டை
ஊத்தங்கரை பஸ்ஸில் உட்கார்ந்து தானே நிரப்பியதை.
பள்ளத்துக்குப் பள்ளம் கையெழுத்து மாறியதாம்,
நன்றியுரையில் நெடுஞ்சாலைத் துறையைச் சேர்க்க வேண்டுமாம்.
சிரித்தேன்.
அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

திரையில் தரவு, தரவு என்று ஓடிக்கொண்டிருந்தது.
தருவதிலிருந்து வந்த சொல் அல்லவா,
தந்த கை நினைவுக்கு வந்தது.

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
சீசனுக்கு அறுபது நாள் பெங்களூரா சீவிச் சீவி
ரேகை தேய்ந்த கை.
ரேஷன் கடை மெஷின் நாலு முறை ஒற்றினாலும்
யாரோ என்றுதான் சொல்லும்.
நான் படிவத்தையும் மைப்பெட்டியையும் நீட்டியபோது
"வாரத் தவணை எவ்வளவு?" என்றார்.
தாள் வந்தால், கைநாட்டு வைத்தால், பின்னாலேயே கடன் வரும்:
அவர் தெருவில் இது நிரூபிக்கப்பட்ட உண்மை.
"கடன் இல்லைங்க, படிப்புக்கு" என்றேன்.
ஒரு பக்கத்தை மூன்று சொல்லில் முடித்தேன்.
நீலக் கறையாய் விழுந்தது பெருவிரல்.
கறைக்கு நேரே எழுதினேன்:
விளக்கிச் சொல்லி ஒப்புதல் பெறப்பட்டது.

சனிக்கிழமை மறுபடி போனேன்.
தனியாகப் பேச அங்கே இருந்த ஒரே இடம்
மாங்கொட்டை குவியலுக்குப் பின்பக்கம்.
ஈ ஓட்டிக்கொண்டே முழுப் படிவத்தையும் படித்தேன்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்
என்ற இடம் வந்ததும்
"அத இன்னொரு தடவ படி" என்றார்.

உங்களுக்கு மாதம்மாள் என்று பேர் வைத்திருக்கிறேன்,
நீங்கள்தான் என்று யாருக்கும் தெரியாது என்றேன், பெருமையாகவே.
"எங்க தெருவுல மாதம்மா நாலு பேரு.
ஒருத்தி குழுத் தலைவி.
நான் சொன்னதுக்கு அவள என்னாத்துக்கு இழுக்கற?"

மறைக்கத் தெரிந்தவள் என்று நினைத்திருந்தேன்.
ஒளித்துவைத்தது இன்னொருத்தி வீட்டுக்குள்.

"அப்புறம், அந்த ராத்திரி பத்திச் சொன்னனே,
அது வேணாம்."

அந்த வரிக்குத்தான் நெறியாளர்
ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தார்.
புவனேஸ்வர் கருத்தரங்கில் அதை வாசித்ததும்
அரங்கில் இருமல்கூட இல்லை.
வெளியே வந்து நான் காபி குடித்தேன், கைகுலுக்கினார்கள்.
அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அங்க நம்ம ஊர்க்காரங்க இருந்தாங்களா?"
இல்லைங்க.
"நீ இருந்தயே."

அன்றிரவு ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து
அதை எடுத்தேன்.
நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
கீழ்வரிகள் ஒவ்வொன்றாய் மேலே ஏறி நின்றன,
வரிசையில் ஒருவர் போய்விட்டால் நகர்வதுபோல.
வாதம் நொண்டுகிறது. நொண்டட்டும்.
செல்போனில் ஒலிப்பதிவை அழித்தேன்.
நெறியாளரின் மின்னஞ்சலில் ஒன்று இருக்கிறது.
புவனேஸ்வரில் எத்தனை பேர் காதில் இருக்கிறதோ.
இந்தக் கவிதையில் இல்லை. தேட வேண்டாம்.

புதன்கிழமை திம்மராயன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தான்,
லட்டு கொடுத்தான்.
அவனுடைய முப்பத்தெட்டுப் பேரில்
ஒருவர்கூட வந்து
எதையும் திருப்பிக் கேட்கவில்லை.

என் ளகரத்தைத் திருத்தித் தரச் சொல்லி
விண்ணப்பம் எழுத வேண்டும்.
மாதம்மாள் இருந்த இடங்களில் எல்லாம்
இப்போதைக்கு ஒரு சிறு கோடு.
என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டிருக்கிறேன்.
"சீசன் முடியட்டும்,
யோசிச்சுச் சொல்றன்" என்றார்.