தலையெழுத்து

மார்ச் மாதம். டார்ட்டுவில் ஆற்றுப் பனி
விரிசல் விடும் ஓசை எட்டும் தூரத்தில்
எங்கள் கணினிக் கூடம்.

லீலோ காசமெட்ஸ் ஏழாவது முறையாக எழுதியிருக்கிறாள்:
"நேற்று இரவும் செத்துவிட்டது. அதே நான்காம் வரி."
சதுப்பு நிலம் மூச்சுவிடும் மீத்தேனை
மணிவாரியாகக் கூட்டிப் பார்க்கும் நிரல்.
அவள் மேசையில் ஓடுகிறது.
எங்கள் வரிசையில் நின்று, முறை வந்ததும் சாகிறது.

திறந்து பார்த்தேன்.
உச்சியில் ஒரு வேலிக்குறி, ஓர் ஆச்சரியக்குறி,
பிறகு: நான் பைத்தான், என்னைப் பைத்தானிடம் கொடு.
தன்னைப் பற்றி ஒரு தாள்
இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

தலையெழுத்தை யாராலும் வாசிக்க முடியாதாம்.
இதை முடியும்.
எங்கள் பணிவரிசைதான் வாசிப்பதில்லை.
எந்தத் தாள் வந்தாலும் நகலெடுத்து
தன் பழைய ஷெல்லின் வாயில் திணிக்கிறது.
அது, தெரியாத மொழியை
மூன்று வரி பொறுத்துக்கொண்டு
நான்காவதில் துப்புகிறது.

அமைப்புக் கோப்பில் இதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு சொல்.
அதன் தலைக்கு மேல் குறிப்பு:
தொடாதே. எ.வா., 2009.

எண்டெல் வாஹெர் இப்போது ஹீயுமா தீவில்
படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கிறார்.
அழைத்துக் கேட்டேன்.
"ஏதோ காரணம் இருந்தது" என்றார்.
பின்னால் ஒரு நாய் குரைத்தது. வைத்துவிட்டார்.

இரவு பதினொன்றே காலுக்குத் தொட்டேன்.
இனி எந்த மொழி என்று தாளே சொல்லட்டும்.
லீலோவின் பணி நான்காம் வரியைத் தாண்டியது,
நாற்பதை, நானூறை.
விளக்கை அணைத்துவிட்டு
நல்லது செய்தவளின் நடையில் வீட்டுக்குப் போனேன்.

காலையில் முப்பத்தொரு பிணங்கள்.

ஆண்டுக்கணக்காக ஓடியவை எல்லாம்.
முதல் கோணல் முற்றும் கோணல் அல்ல,
இவற்றில் முதல் மட்டுமே கோணல்.
ஒன்று தன்னைப் பெர்ல் என்று சொல்லிக்கொண்டது;
உள்ளே பெர்ல் மருந்துக்கும் இல்லை.
ஒன்று, என்றோ பிரித்து விற்ற இயந்திரத்தின்
கோப்புறைக்கு வழி காட்டியது.
பன்னிரண்டில் ஒரே எழுத்துப் பிழை,
ஒருவர் விடாமல் கைமாறி வந்தது.
அர்டோவின் வரி மட்டும் சரியாகத்தான் இருந்தது,
கடைசியில், விண்டோஸிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த
கண்ணுக்குத் தெரியாத அந்த ஓர் எழுத்தைத் தவிர.

யாரும் கேட்காத வாக்குமூலத்தை
யார் திருத்தி வைப்பார்கள்?
கேட்காமல் இருந்ததுதான்
இவ்வளவு நாளும் அவற்றை வாழவைத்தது.
நான் நம்பினேன்.
ஒரே இரவில் போய்விட்டன.

மதியத்துக்குள் இரண்டு வரிசைகள் ஆக்கினேன்.
பழையதில் பழைய சொல், புதியதில் புதிய சொல்.
முப்பத்தொரு பேருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்:
அன்புள்ள அர்டோ, உங்கள் முதல் வரியை
ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.
பதினெட்டு முடிந்திருக்கிறது, காபி ஆறிவிட்டது.

எண்டெலின் குறிப்பை அழிக்கவில்லை.
அதன் கீழே இன்னொரு வரி சேர்த்தேன்:
தொட்டேன். காரணம் தெரிந்தது. ஹெ.லா.